நாற்பது விநாடி வாளி

மாமா மூன்றாவது கடிதத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். முதலாளியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"படிக்கத்தான் குடுத்தேன்," என்றார்.

"படிச்சிட்டேன். இப்ப மிச்சத்தைப் பாக்கறேன்."

மாமா என்றால் என் அக்காவின் கணவர். தொழில், துப்பறிவது. எனக்கு மாமா, முதலாளி, அக்காவிடம் என்னைப் பற்றிக் கோள் சொல்கிற ஆள், எல்லாம் அவர் ஒருவரே. வேலையில்லாமல் சோபாவில் கிடந்த என்னை, "இவனையும் கூடக் கூட்டிட்டுப் போங்க, வீட்ல இருந்தா சோபா தேஞ்சிடும்" என்று அக்கா அவர் தலையில் கட்டி நாலு வருஷம் ஆகிறது. அன்று காலை அவசரத்தில் மாமா தன் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டு அக்காவுடையதை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ரோஸ் நிற ஃப்ரேம், ஓரத்தில் மினுக்குகிற சின்னக் கற்கள். இரண்டும் ஒரே பவர் என்பதால் அவருக்குத் தெரியவில்லை. எதிரில் இருந்தவருக்குத் தெரிந்தது. முதலாளியம்மா மூன்று முறை அதைப் பார்த்துவிட்டு மூன்று முறையும் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே ஏரி. அவருடைய கணவர் ஓர் ஓடையை மறித்து, மண்ணால் கரை போட்டு உண்டாக்கிய ஏரி. சர்க்கார் அணை இல்லை, சொந்த அணை. கரை நீளம் ஒரு தெரு அளவுதான். படகு விடுவது, நீச்சல், தூண்டில் போடுவது, இவ்வளவுதான் அதன் வேலை. கணவர் போய்ப் பதினொரு வருஷமாக இந்த அம்மாதான் எல்லாவற்றையும் நடத்துகிறார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சீசன் தொடக்கம். கழுவித் துடைத்த படகுகள் கீழே துறையில் நம்பர் வாரியாக வரிசையில் நின்றன. முந்நூறு பேர் வரப்போகிறார்கள் என்றார் அம்மா.

கடிதங்கள் மூன்றும் டிக்கெட் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் தொங்கும் புகார்ப் பெட்டியில் கிடைத்தவை. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். கையெழுத்து கிடையாது.

முதலாவது: 'கரை சரியில்லை. போய்ப் பாருங்கள்.'

இரண்டாவது: 'நம்பரைப் பார்க்காதீர்கள். தண்ணீரைப் பாருங்கள்.'

நேற்று வந்த மூன்றாவது: 'சீசன் அன்றைக்கு யாரையும் ஏரியில் இறக்காதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.'

"மிரட்டறவன் கும்பிடுவானா மாமா?" என்றேன்.

"மரியாதை தெரிஞ்ச மிரட்டல்," என்றார் மாமா. "அம்மா, உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

"ரெண்டு பேர். எதிர்க்கரை ஹோட்டல்காரர், எங்களுக்கும் அவருக்கும் வழித் தகராறு இருக்கு. இன்னொருத்தன் என் கரைக்காவலன். கரையைப் பத்தி எழுத அவனுக்குத்தான் விவரம் தெரியும். அவர் எழுதச் சொல்லி இவன் எழுதியிருப்பான்." மேஜை மேல் டைப் அடித்த ஒரு தாள், அதன் மேல் ஸ்டேப்ளர். அம்மா ஸ்டேப்ளரைத் தட்டிக் காட்டினார். "நாலு மணிக்கு அவனை வரச்சொல்லியிருக்கேன். வேலை நீக்கம். குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும். நாலுக்குள்ள வேற பேர் சொல்லுங்க, இதைக் கிழிச்சிடறேன். இல்லன்னா அவன்தான்."

மணி பதினொன்று.

"கரை எப்படி இருக்கு?" என்றார் மாமா.

"நல்லாத்தான் இருக்கு. தினம் காலையில கசிவு அளக்கறாங்க. இருபத்தாறு வருஷமா அதே நாப்பது. போன மாசம் அணை இன்ஸ்பெக்டர் வந்து ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போனார்." அப்போது அவருடைய போன் கூப்பிட்டது. அதைக் கை நீட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பேரைப் பார்க்க முயன்றுவிட்டு, எடுக்காமலே வைத்துவிட்டார்.

மாமா சுவரில் இருந்த பழைய போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறைந்த முதலாளி சிரித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் மீசை கறுத்த இளவயதுக் காவலர், நிறைந்த வாளி ஒன்றை ஒரே கையால் முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறார். தண்ணீர் சிந்தவில்லை.

படியிறங்கும்போது மாமா கடிதங்களை என்னிடம் நீட்டினார். "என்ன தெரியுது?"

மூன்று தாளும் நனைந்து காய்ந்தவை, மொறமொறவென்று நெளிந்திருந்தன. மூன்றின் மேல் ஓரத்திலும் ஒரே மாதிரி இரண்டு சின்னப் பள்ளம், விரல் அகல இடைவெளி கூட இல்லை.

"எலி கடிச்சிருக்கு."

"மூணு தாளையும் ஒரே இடத்துல, ஒரே அளவுல?"

"ஒழுங்கா வளர்ந்த எலியா இருக்கும்."

"ஏதோ ஒண்ணு கவ்விப் பிடிச்சிருக்கு மச்சான். அது எதுன்னு தெரிஞ்சா ஆள் தெரியும்."

"சரி, முகர்ந்தீங்களே, என்ன வாசனை?"

"நம்ம வீட்டுச் சனிக்கிழமை வாசனை," என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கேஸ் நடக்கும்போது இப்படிப் பாதியில் நிறுத்துவது அவர் பழக்கம். வீட்டில் அக்காவிடம் இதைச் செய்து காட்டட்டும் பார்க்கலாம்.

எதிர்க்கரை ஹோட்டலில் எனக்கு உடனே வெற்றி கிடைத்துவிட்டது, அல்லது அப்படி நினைத்தேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு கம்பி கட்டி, அதில் பில்களைக் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார் ஹோட்டல்காரர். நான் மாமாவின் விலாவில் இடித்தேன்.

"எலி மாட்டிடுச்சு," என்றேன் காதோடு.

மாமா ஒரு கிளிப்பைக் கேட்டு வாங்கி, பாக்கெட்டில் இருந்த வெள்ளைத் தாளில் மாட்டி எடுத்தார். இரும்புக் கிளிப். தாளில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு நேர்க்கோடு விழுந்தது. இரண்டு பள்ளம் விழவில்லை. நான் விலாவை விட்டுத் தள்ளி நின்றேன்.

"அந்த அம்மா அனுப்பிச்சாங்களா?" ஹோட்டல்காரர் சிரித்தார். "என்கிட்ட இருபது ரூம். இருபதுலயும் ஜன்னல் ஏரியைப் பாத்துத்தான். ஏரி வத்திட்டா சேத்தைப் பாக்க யார் சார் ரூம் எடுப்பா? அணை நல்லா இருக்கணும்னு அவங்களைவிட நான்தான் தினம் வேண்டிக்கறேன்."

"கரை நல்லா இருக்குன்னு நினைக்கறீங்களா?"

சிரிப்பு நின்றது. கம்பியில் ஒரு பில்லை நேராக்கினார். "அவங்க வீட்டுக்காரர் இருந்தப்ப தினம் காலையில கரை மேல ஒரு நடை, கரைக்குக் கீழ ஒரு நடை. கரை மேலேர்ந்து அந்தப் பக்கம் இறங்கறது இங்கேர்ந்தே தெரியும். இந்த அம்மா கரைக்குக் கீழ இறங்கி நான் பாத்ததே இல்ல. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

வெளியே வந்ததும், "ஒரு ஆள் குறைஞ்சார்," என்றேன். "மிச்சம் இருக்கறது காவலர் மட்டும்தான். நாலு மணிக்கு அந்த அம்மா சொன்னதையே நாமளும் போய்ச் சொன்னா எதுக்கு நம்மளக் கூப்பிட்டாங்க?"

"எனக்கும் அதேதான் சந்தேகம்," என்றார் மாமா.

கரைக்குக் கீழே போனபோதுதான் அணையின் உயரம் எனக்கு உறைத்தது. மேலே நின்றால் படகு, காற்று, அழகு. கீழே நின்றால் தலைக்கு மேல் மூன்று ஆள் உயரத்துக்குப் புல் மூடிய மண் சரிவு, அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர். சரிவின் அடியில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் ஒரு சிமென்ட் மேடையில் விழுந்து, வாய்க்காலாக ஓடியது. வாய்க்கால் போகிற வழியில் முதலில் ஓட்டு வீடு ஒன்று, அதைத் தாண்டி ஒரு செடிப் பண்ணை, அதற்கும் கீழே பன்னிரண்டு வீடுகள்.

காவலர் எங்களை எதிர்பார்த்தவர் போலத்தான் நின்றார். மீசை நரைத்திருந்தது. வெள்ளைச் சீருடைச் சட்டை நீண்ட நாள் தேநீரில் ஊறிய நிறத்தில் இருந்தது.

"எந்த மண் கரையும் கொஞ்சம் கசியும் சார்," என்றார் மாமா கேட்டதற்கு. "ஊறற தண்ணியை இந்தக் குழாய் வெளிய கொண்டாந்துடும். கசியறது தப்பில்ல. அளவு ஏறக்கூடாது, அவ்வளவுதான். வாளியை வெச்சு, நிறைய எத்தனை விநாடின்னு தினம் ஏழு மணிக்குப் பாப்பேன். நாப்பது வந்தா கரை நல்லா இருக்கு. குறைஞ்சா தண்ணி வேகமா வருதுன்னு அர்த்தம்."

"இப்ப ஒருதரம் பாக்கலாமா?"

காவலர் மேடையில் வாளியை வைத்தார். நான் போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டினேன். விளிம்பு நிறைந்தபோது முப்பத்தொன்பது.

"கச்சிதம்," என்றேன். கொட்டுவதற்காக வாளியை ஒரு கையால் தூக்கினேன். தூக்கப் பார்த்தேன் என்று சொல்வதுதான் சரி. இடுப்பில் எங்கோ ஒரு நரம்பு சுளுக்கென்றது. இரண்டு கையாலும் பிடித்து முக்கி முனகிச் சாய்த்தேன். அந்த போட்டோவில் இந்த மனிதர் இதை ஒரு கையால் நீட்டிப் பிடித்திருந்தாரே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

"சோபாவுல கிடந்தா இப்படித்தான்," என்றார் மாமா. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. வாளி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிமென்ட்டில் பாசி படியாத வட்டம் ஒன்று, வாளியின் அடிப்பாகம் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த தடம். அதற்குள்ளே கொஞ்சம் சின்னதாக இன்னொரு வட்டம். அதற்குள்ளே இன்னும் சின்னதாக, வருஷக்கணக்கில் தேய்ந்து பள்ளமே விழுந்த வட்டம்.

மாமா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ரிஜிஸ்டரைப் பாக்கலாமா?" என்றார்.

காவலர் உடனே எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பரீட்சைத் தாளை நீட்டிவிட்டு நிற்பவர் மாதிரி மாமாவின் முகத்தையே பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது. பக்கம் பக்கமாக அதுதான். எனக்குக் கொட்டாவி வந்தது. மாமா ஒரு பக்கத்தில் நின்றார். பிறகு இன்னொரு பக்கத்தில் அதைவிட நேரம் நின்றார்.

"அண்ணே, இதை யார் படிப்பாங்க?"

"அம்மா மாசக் கடைசியில கையெழுத்துப் போடுவாங்க. இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒருதரம் கையெழுத்துப் போடுவார்."

"கையெழுத்தைக் கேக்கல. படிப்பாங்களான்னு கேட்டேன்."

காவலர் குழாயைப் பார்த்தார். மாமா ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது காவலரின் தோளருகே குனிந்து, யாருக்கும் தெரியாத மாதிரி மறுபடி ஒரு தரம் முகர்ந்தார். எனக்குத் தெரிந்தது. எனக்கு மானம் போயிற்று.

"மச்சான்," என்றார் வாய்க்கால் ஓரமாக நடந்தபடி. "சனிக்கிழமை உங்க அக்கா என்ன செய்வா?"

"என்னைத் திட்டுவா."

"திட்டிட்டு?"

"துணி துவைப்பா," என்றேன். சொன்ன பிறகுதான் நின்றேன். முன்னால் காவலரின் ஓட்டு வீட்டு வாசலில் கொடி கட்டி, துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துணியின் தலையிலும் ஒரு பிளாஸ்டிக் கிளிப்.

காவலரின் மனைவி வாய்க்கால் ஓரத் துவைகல்லிலிருந்து நிமிர்ந்து, முந்தானையில் கையைத் துடைத்தார். ஐம்பதுக்குக் கிட்ட வயது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு உள்ளே போனார். பின்னாலேயே எட்டிப் பார்த்தேன். அந்த வீட்டில் எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை, என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தரையில் ஒரு சாமான் இல்லை. தையல் மெஷின் மேஜை மேல் ஏறியிருந்தது. மளிகை டப்பாக்கள் எல்லாம் மேல் பலகையில். பாய்ச்சுருள் ஆணியில் தொங்கியது. கதவை ஒட்டி நாற்காலியில், ஜிப் போட்ட பை ஒன்று புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தது.

மாமா கொடியிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து மூன்றாவது கடிதத்தின் மேல் ஓரத்தில் வைத்தார். பல் இரண்டும் பள்ளம் இரண்டில் போய் உட்கார்ந்தன.

தண்ணீர்ச் செம்போடு வந்த அந்த அம்மாள் அதைப் பார்த்தார். செம்பைக் கீழே போடவில்லை, அழவில்லை. "துவைக்கும்போதுதான் எழுத நேரம் கிடைக்கும்," என்றார். "கை ஈரம். தாள் நனைஞ்சிடும். கொடியில மாட்டிக் காய வெச்சுத்தான் பெட்டியில போட்டேன்."

"ஏம்மா, பேரைப் போட்டு எழுதியிருக்கலாமே?"

"என் பேரைப் போட்டாலும் அவர் தலையிலதானே விழும்," என்றார். பிறகு கொடியைக் காட்டினார். "இந்தத் தலையணை உறை போன வருஷம் துவைச்சு வெச்சது, பாருங்க, வெள்ளை. அவர் சட்டை தினம் துவைக்கறது. நாலஞ்சு மாசமா எவ்வளவு சோப்பு போட்டாலும் இந்த நிறம்தான். குழாய்த் தண்ணி கலங்கி வருதுங்க. கரை மண்ணு கரைஞ்சு இந்த வாய்க்கால்ல போயிட்டிருக்கு."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவரும் கேக்கல, நானும் சொல்லல. மெஷினைத் தூக்கி மேஜை மேல வைங்கன்னேன். ஏன்னு கேக்காம தூக்கி வெச்சார்." குரல் அப்போதுதான் உடைந்தது. "தெரிஞ்சதாலதானே கேக்கல."

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. துவைகல்லுக்குப் பக்கத்தில் இரண்டு வாளிகள் இருந்தன. ஒன்று நடுத்தரம், அதில் துணி ஊறியது. இன்னொன்று சின்னது, பழசு, வெள்ளைப் பெயின்ட்டில் 'அளவு' என்று எழுதியது பாதி அழிந்திருந்தது. அதில் தண்ணீர் தளும்பியது. சும்மா ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. கையை முன்னால் நீட்டினேன், போட்டோவில் இருந்த மாதிரி. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"மாமா," என்றேன். "இதுதான் அந்த வாளி."

"வட்டம் மூணு, வாளி மூணு," என்றார் மாமா. "ரெண்டையும் எடு. மணி மூணேமுக்கால்."

அந்த அம்மாளும் கொடியிலிருந்து ஒரு சட்டையையும் தலையணை உறையையும் உருவிக்கொண்டு எங்களோடு நடந்தார். பாதி வழியில் மாமாவிடம் கேட்டார். "என் பேரைச் சொன்னா அவர் வேலை தப்பிக்குமா?"

"கடிதத்துலேர்ந்து தப்பிப்பார்," என்றார் மாமா. "வாளியிலேர்ந்து தப்பிப்பாரான்னு எனக்கும் தெரியல."

முதலாளியம்மாவின் அறையில் காவலர் ஏற்கெனவே வந்து கதவோரம் நின்றிருந்தார். மனைவியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"எழுதினது இவங்க," என்றார் மாமா.

அம்மா மனைவியைப் பார்த்தார், பிறகு காவலரை. "அவன் எழுதினா என்ன, அவ எழுதினா என்ன? ரெண்டு பேரும் கிளம்பலாம்."

"கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. மச்சான், வாளி."

ஈரமான சின்ன வாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜை மேலேயே வைத்தேன். அது நேராக அந்த டைப் அடித்த தாளின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஸ்டேப்ளர் கீழே விழுந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டேன்.

"இருபத்தஞ்சு வருஷம் இந்த வாளி நிறைய நாப்பது விநாடி," என்றார் மாமா. "அப்புறம் பெரிய வாளிக்கு நாப்பது. இப்ப அதைவிடப் பெரிய வாளிக்கு நாப்பது, கிட்டத்தட்ட இதைப் போல ரெண்டு மடங்கு. ரிஜிஸ்டர்ல நம்பர் நகரவே இல்ல. குழாய்ல தண்ணி ரெண்டு மடங்காயிடுச்சு."

அம்மாவின் முகம் மெல்லச் சிவந்தது. காவலர் பக்கம் திரும்பினார்.

"இருபத்தாறு வருஷம் சோறு போட்ட இடத்துல நீ என்னை ஏமாத்திட்டே."

"ஏமாத்தல," என்றார் மாமா. ரிஜிஸ்டரைப் பிரித்து அவர் முன் வைத்தார். "நம்பருக்குப் பக்கத்துப் பத்தி. குறிப்புன்னு போட்டிருக்கே, அதைப் படிங்க."

அம்மா ரிஜிஸ்டரைக் கையால் தள்ளிப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். கண்ணைச் சுருக்கினார். எனக்கு அப்போதுதான் அந்த போன் ஞாபகம் வந்தது. மாமா தன் முகத்திலிருந்த ரோஸ் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, நீட்டினார். அம்மா ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டார்.

"'முப்பத்தொன்று வந்தது,'" என்று படித்தார். "'வாளி மாற்றம். புது வாளி பெரியது.'"

"கீழ யார் கையெழுத்து?"

"என்னோடது."

"பக்கத்தைத் திருப்புங்க. போன மாசம்."

"'இருபத்தேழு வந்தது. வாளி மாற்றம். அதைவிடப் பெரியது.'" குரல் இறங்கிவிட்டது. "கீழ என் கையெழுத்து. இன்ஸ்பெக்டர் கையெழுத்து."

காவலர் அந்த அறையில் முதல் முறையாக வாயைத் திறந்தார். "முப்பத்தொண்ணு வந்த அன்னிக்கே இந்த ரூமுக்கு வந்து சொன்னேம்மா. போன சீசன் முடிஞ்ச மறுவாரம். அப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது என்பது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நன்றாகவே தெரிந்தது.

"நாப்பதுக்குக் கீழ ஒரு நம்பரை என் கண்ணுல காட்டாதேன்னீங்க. காட்டல. அதுக்காகப் பொய் எழுதவும் கை வரல. வாளியை மாத்தினேன், மாத்தினேன்னு எழுதியும் வெச்சேன். நீங்க படிப்பீங்க, இல்ல அந்த இன்ஸ்பெக்டராவது படிப்பார்னு இருந்தேன்."

காலையிலிருந்து ஏதோ இடறிக்கொண்டே இருந்ததே, அது இதுதான் என்று எனக்குப் புரிந்தது. கடிதம் எழுதியவரைக் கண்டுபிடிக்க எங்களைக் கூப்பிட்ட அம்மாவுக்கு, கடிதத்தில் இருந்த விஷயம் ஏற்கெனவே தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டால் இல்லாமல் போய்விடும் என்று நினைத்திருந்தார்.

ஆனால் மாமாவின் கோபம் காவலர் மேல் திரும்பியது. "படிப்பாங்கன்னு காத்திருந்தீங்களா அண்ணே? கரைக்குக் கீழ முதல் வீடு உங்களோடது. அதுக்கும் கீழ பன்னெண்டு வீடு. அவங்க யாரும் மெஷினைத் தூக்கி மேல வைக்கல. அவங்களுக்குத் தெரியாதே."

காவலர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர் மேல் பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

அவர் மனைவி முன்னால் வந்து சட்டையையும் தலையணை உறையையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "தண்ணி கலங்கி வருதும்மா," என்றார்.

அம்மா இரண்டு துணியையும் தொட்டுப் பார்த்தார். சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். ஜன்னல் வழியாக, நம்பர் போட்டு நின்ற படகுகளைப் பார்த்தார். நான் எண்ணினேன், நாற்பது விநாடிக்குக் குறைவாகத்தான் ஆனது.

"மதகைத் திறந்தா ஏரி இறங்க எவ்வளவு நாள் ஆகும்?"

"மூணு நாளாவது ஆகும்மா," என்றார் காவலர். "ஒரேயடியா இறக்கினா ஈரக் கரை உள்பக்கமா சரிஞ்சிடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கணும்."

"போய்த் திற. நாளைக்கு ஒருத்தரும் வரவேண்டாம்னு கேட்ல போர்டு போடச் சொல்றேன்." போனை எடுத்து, கண்ணாடி வழியாகப் பேரைத் தேடி, முதலில் அணைப் பாதுகாப்பு ஆபீசுக்குப் பேசினார். அங்கே யாரோ ஏதோ நாளைக்குப் பார்க்கலாம் என்றிருக்க வேண்டும். "நாளைக்கு இல்ல, இன்னிக்கு," என்றார் அம்மா, அந்தக் குரலுக்கு எதிர்முனை அடங்கியிருக்கும். அடுத்து ஹோட்டல்காரருக்கு. ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மனிதர். பன்னிரண்டு வீட்டு ஆட்களும் மூன்று நாள் மேட்டில் தங்க இடம் வேண்டும் என்று கேட்டார். போனை வைத்த பிறகு சொன்னார். "எத்தனை ரூம்னு மட்டும்தான் கேட்டார்."

ஐந்தரை மணிக்கு நாங்கள் எல்லோரும் கரைக்குக் கீழே நின்றோம். மதகு வழியாகத் தண்ணீர் தூரத்து ஓடையில் இரைந்துகொண்டு போனது. செடிப் பண்ணைக்குக் கீழே வீடுகளிலிருந்து ஜனங்கள் மூட்டையும் பெட்டியுமாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ரோஸ் கண்ணாடியோடு முதலாளியம்மா சரிவில் இறங்கி வந்தார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"அந்தச் சின்ன வாளியை வை," என்றார்.

நான்தான் மேலேயிருந்து தூக்கி வந்திருந்தேன். அதன் அடியில் ஏதோ தாள் ஒட்டிக்கொண்டிருந்தது, டைப் அடித்த எழுத்து ஊறி நீலமாக இளகியிருந்தது. எடுத்துக் காட்டலாமா என்று அம்மாவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். காவலர் வாளியை வாங்கி, உள்வட்டத்தின் மேல், அந்தப் பழைய பள்ளத்தில் அப்படியே வைத்தார். அது அசையாமல் உட்கார்ந்தது.

நான் சத்தமாக எண்ணினேன். பத்தில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. பதினேழு. பதினெட்டில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது, பகலில் நான் கவனிக்காத தேநீர் நிறத்தில். காவலரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

காவலர் ரிஜிஸ்டரை முழங்காலில் வைத்து 'பதினெட்டு' என்று எழுதினார். குறிப்புப் பத்தியில் 'பழைய வாளி. கலங்கல்' என்று எழுதினார். நீட்டினார். அம்மா எழுத்துக்கூட்டுகிறவர் மாதிரி மெதுவாக, இரண்டு பத்தியையும் படித்தார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

"ஹோட்டல்ல உங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரூம் சொல்லியிருக்கேன்," என்றார். "ஆபீஸ்காரங்க இன்னிக்கு ராத்திரியே வந்துடறாங்க. காலையில ஏழு மணிக்கு அவங்க முன்னாடி அள. என்ன வருதோ என்கிட்ட நேர்ல வந்து சொல்லு."

"எது வந்தாலுமாம்மா?"

"எது வந்தாலும்."

மாமாவைக் கையைப் பிடித்து நான்தான் மேடேற்றினேன். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் புல்லும் கல்லும் ஒன்றுதான், இரண்டு முறை என் காலையே மிதித்தார். பாதி ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். கீழே ஒரு கல்லின் மேல் முதலாளியம்மா உட்கார்ந்து, ரிஜிஸ்டரை முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்திருந்தார்.

"மாமா, அக்கா கண்ணாடி அவங்ககிட்டயே இருக்கு. போய்க் கேட்டு வாங்கிட்டு வரட்டுமா? வீட்ல கேட்டா என்ன பதில் சொல்றது?"

"இருக்கட்டும்," என்றார் மாமா. "அவங்க இன்னும் படிச்சு முடிக்கல."